இஸ்ஃபஹான் மூன்று நாள்: எதை எப்போது பார்ப்பது, எதை எப்படிச் சாப்பிடுவது

ஈரானின் இஸ்ஃபஹானில் தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. நக்ஷ்-எ ஜஹான் மைதானத்திலிருந்து செஹல் சுத்தூன் அரண்மனை பத்து நிமிட நடை. வடக்கே, கூரையிட்ட பஜாருக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் போனால் பழைய ஜும்மா மசூதி. தெற்கே அரை மணி நேரம் நடந்தால் முப்பத்து மூன்று வளைவுப் பாலம். அதைக் கடந்து கொஞ்சம் நடந்தால் ஆர்மீனியர்களின் பேட்டையான ஜோல்ஃபா. பயணத்தைக் கெடுப்பது நேரம்தான். பகல் பன்னிரண்டரைக்கு மசூதி வாசலில் போய் நின்றால் தொழுகைக்காக உள்ளே விடமாட்டார்கள். மாலை நான்கு மணிக்கு இவ்வூரின் கறி உணவான பெர்யானியைத் தேடினால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை பஜாருக்குள் நுழைந்தால் இறக்கிவிட்ட ஷட்டர்களை எண்ணிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

அதனால் தெஹ்ரானிலிருந்து காலையில் கூட்டிப்போய் இரவு கொண்டுவந்து விடும் ஒருநாள் பேக்கேஜை எடுக்கவே வேண்டாம். ஒரு வழிக்கு ஏறக்குறைய 450 கிலோமீட்டர். போக ஐந்தாறு மணி நேரம், வர ஐந்தாறு மணி நேரம். நடுவில் கிடைக்கும் சில மணி நேரமும் நண்பகலை ஒட்டித்தான் விழும், அதாவது மசூதிகள் மூடியிருக்கும் நேரத்தில். குறைந்தது மூன்று முழு நாள், நான்கு இரவு வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் போகலாமா என்பதைப் பார்த்துவிட வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டுக்கு 2024 பிப்ரவரி 4 முதல், விமானத்தில் வருவோருக்கு 15 நாள் விசா விலக்கு இருந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஆட்களை வரவழைத்துக் கடத்திய கும்பல்களால் அந்தச் சலுகை 2025 நவம்பர் 22 முதல் நிறுத்தப்பட்டது. பழைய வீடியோக்களை நம்பி விசா இல்லாமல் விமான நிலையத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இஸ்ரேலுடன் நடந்த 2025 ஜூன் மாதப் போரில் இஸ்ஃபஹான் அருகிலுள்ள அணு நிலையமும் தாக்குதலுக்கு உள்ளானது. இந்திய வெளியுறவு அமைச்சகம் 'போக வேண்டாம்' என்று அறிவுறுத்தும் காலத்தில் டிக்கெட் எடுக்காதீர்கள். பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் போரால் வரும் இழப்பை ஏற்பதில்லை. இங்கே சொல்வதெல்லாம் அந்த அறிவுறுத்தல் தளர்ந்திருக்கும் நாட்களுக்கானது.

மாதம் என்றால் ஏப்ரல் நடுப்பகுதி முதல் மே நடுப்பகுதி வரை, இல்லாவிட்டால் அக்டோபர். நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருப்பதால் வறண்ட காற்று; பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் வேர்க்காது, தாகம் தெரியாமலே உடம்பு வற்றும். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். மார்ச் 20-ஐ ஒட்டி வரும் நவ்ரூஸ் என்னும் பாரசீகப் புத்தாண்டு விடுமுறையில் இரண்டு வாரம் ஈரானே ஊர் சுற்றக் கிளம்பிவிடும். அறையும் கிடைக்காது, மண்டபத்தில் நிற்க இடமும் கிடைக்காது. ரமலானில் பகலில் உணவகங்கள் மூடியிருக்கும். முஹர்ரம் ஒன்பது, பத்தாம் நாட்களில் ஊரே துக்கத்தில் இருக்கும். நினைவுச் சின்னங்கள் திறக்காது.

இனி மைதானம். பாரசீக அரசர் ஷா அப்பாஸ் 1598-இல் தலைநகரைக் கஸ்வீனிலிருந்து இங்கே மாற்றியபோது கட்டத் தொடங்கியது. நீளம் 560 மீட்டர், அகலம் 160 மீட்டர். நாம் சொல்லும் அதே சொல்தான் பாரசீகத்திலும்: மைதான். அரசர் காலத்தில் இங்கே சோகான் எனப்படும் போலோ ஆடினார்கள். இரு முனைகளிலும் கோல் கம்பமாக நட்ட கல் தூண்கள் இன்னும் நிற்கின்றன. குதிரை வண்டிச் சவாரிக்கு அழைப்பார்கள், வேண்டாம். வேகத்தில் எதுவும் பதியாது. சுற்றிலும் இரண்டு அடுக்கு வளைவுகள், கீழடுக்கில் கடைகள். தெற்கே ஷா மசூதி, கிழக்கே ஷேக் லுத்ஃபுல்லா மசூதி, மேற்கே அலி காப்பு அரண்மனை, வடக்கே பஜாருக்குள் போகும் கைசரிய்யே வாசல்.

இந்தத் திசைகளை மனத்தில் வைத்துக்கொண்டால் நேர அட்டவணை தானாக அமையும். லுத்ஃபுல்லா மசூதியின் முகப்பு மேற்கைப் பார்ப்பதால் வெயில் அதன் மேல் பிற்பகலில்தான் விழும். அலி காப்புவின் உப்பரிகை கிழக்கைப் பார்க்கிறது. காலையில் ஏறினால் கண்ணில் வெயில், எதிரே உள்ள குவிமாடம் நிழலுருவமாகத்தான் தெரியும். மாலையில் ஏறினால் சூரியன் முதுகுப்பக்கம் போய்விடும், மைதானம் முழுவதும் ஒளியில் நிற்கும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு ஷா மசூதி, பதினொன்றுக்குள் லுத்ஃபுல்லா, மூடுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பாக அலி காப்பு. பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, படம் நன்றாக வரவில்லை என்று வருந்துகிறார்கள். மூன்றுக்கும் டிக்கெட் தனித்தனி, வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல்.

ஷா மசூதி 1611-இல் தொடங்கப்பட்டது. இன்றைய அதிகாரப்பூர்வப் பெயர் இமாம் மசூதி. மைதானம் வடக்கு தெற்காக ஓடுகிறது, தொழுகைத் திசையோ தென்மேற்கு. வாசலை மைதானத்துக்கு நேராக வைத்து, உள்ளே நுழைந்ததும் கட்டடத்தையே ஏறக்குறைய 45 பாகை திருப்பியிருக்கிறார்கள். நடப்பவருக்குத் திரும்பியதே தெரியாது. வெளியே நின்று பார்த்தால்தான் பெரிய குவிமாடம் வாசலுக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பது தெரியும். குவிமாடத்துக்கு இரண்டு ஓடு. வெளி ஓடு 50 மீட்டருக்கு மேல், உள் ஓடு சுமார் 38 மீட்டர் உயரம். அதன் நேர்க்கீழே தரையில் கருங்கற்கள் பதித்திருக்கும் இடத்தில் நின்று ஒரு தாளைப் பிரித்து விரைப்பாக இழுங்கள். சத்தம் அடுக்கடுக்காகத் திரும்பி வரும். இரண்டு அடி தள்ளி நின்றால் அது கிடைக்காது. சுற்றுலாக் கூட்டம் வந்துவிட்டால் எல்லோரும் கைதட்டுவார்கள், எதுவும் கேட்காது. ஒன்பது மணி என்று சொல்வது இதற்காகவும்தான்.

சுவரின் ஓடுகளைக் கிட்டத்தில் பாருங்கள். முகப்பு வாசலில் இருப்பது மொஅர்ரக்: ஒவ்வொரு நிறத்தையும் தனி ஓடாகச் சுட்டு, உளியால் இலை, பூ, கொடி என்று வெட்டி, துண்டு துண்டாக இணைத்தது. இணைப்புக் கோடு கொடியின் விளிம்பிலேயே ஓடும். உள்ளே போனதும் சுவரில் சதுரக் கட்டங்கள் தெரியத் தொடங்கும். கொடி ஒரு சதுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும், சில இடங்களில் அரை விரற்கடை பிசகியும் இருக்கும். அது ஹஃப்த் ரங்கி, அதாவது ஏழு நிறம்: ஒரே ஓட்டில் எல்லா வண்ணத்தையும் தீட்டி ஒரே தடவையில் சுடுவது. வேலை விரைவு, செலவு குறைவு. ஆனால் எல்லா நிறத்துக்கும் ஒரே சூடு என்பதால், தனித்தனியே சுட்ட நிறத்தின் ஆழம் வராது. கட்டி முடிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்ற அரசரின் அவசரம் இந்தக் கட்டங்களில் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் ஈரானில் அப்புறம் எந்த மசூதிக்குப் போனாலும் கண் தானாகத் தேடும்.

நேரம் குறைவு, ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் ஷேக் லுத்ஃபுல்லாவைப் பாருங்கள். 1603-இல் தொடங்கி 1619-இல் முடிந்தது. மினார் கிடையாது, முற்றம் கிடையாது. ஊராருக்கான மசூதியாக அல்லாமல் அரச குடும்பத்துக்காகக் கட்டியது. குவிமாடம் நீலமல்ல, பால்கோவா நிறம். மெருகிட்ட ஓடும் மெருகிடாத செங்கல்லும் கலந்திருப்பதால், வெயில் நகர நகரக் கொடிகள் மட்டும் பளிச்சிட்டு அடங்கும். மாலையில் இளஞ்சிவப்பு ஏறும்.

உள்ளே போனதும் இருட்டான ஒரு நடை. அது திரும்பும், மறுபடி திரும்பும். இங்கும் தொழுகைத் திசைக்காகத்தான் திருப்பம், ஆனால் அந்த இருட்டுக்கு இன்னொரு பயன் உண்டு: கண் பழகிவிடுகிறது. கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் அதை இழக்கிறார்கள். மண்டபத்துக்குள் கால் வைக்கும் நிலைப்படியிலேயே நின்று, தலையை நிமிர்த்திக் குவிமாடத்தின் உச்சியைப் பாருங்கள். நடுவில் தீட்டிய உருவம் மயிலின் உடல். மேலே உள்ள திறப்பின் வழியே விழும் ஒளிக்கற்றை அதன் தோகை. மண்டபத்தின் நடுவுக்குப் போய்விட்டால் கோணம் மாறித் தோகை உடலைவிட்டு விலகிவிடும். வழிகாட்டிகள் கூட்டத்தை நேராக நடுவுக்கு அழைத்துப்போய்ப் பேசத் தொடங்குவதால் பலர் அதைப் பார்க்காமலே வெளியேறுகிறார்கள். மேகமூட்டமான நாளில் தோகை இருக்காது. வானம் தெளிவான நாளுக்குத் தள்ளிவையுங்கள். சன்னல்களின் ஜாலி வழியே வரும் மற்ற ஒளி சுவரில் புள்ளிகளாக நகரும். அதற்கு அரை மணி நேரம் உட்கார வேண்டும். உட்காருங்கள்.

அலி காப்புவில் படிகள் செங்குத்து, குறுகல். மூட்டுவலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். ஏறினால் பதினெட்டு மரத்தூண்கள் தாங்கும் உப்பரிகை. அதற்கும் மேலே, உச்சித் தளத்தில் இசை அறை. சுவரும் கூரையும் குடுவை, கிண்ணம், கூஜா வடிவில் வெட்டிய சுண்ணச்சாந்துப் பலகைகள். பின்னால் வெற்றிடம் இருப்பதால் ஒலி அதற்குள் அமிழ்ந்து எதிரொலி அடங்கிவிடும். ஷா மசூதியின் குவிமாடத்தில் காலையில் கேட்டதற்கு நேர்மாறு. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

செஹல் சுத்தூன் என்றால் நாற்பது தூண். உண்மையில் இருபது; மீதி இருபது குளத்தில் தெரியும் நிழல். காற்று எழுவதற்கு முன் காலையில் போனால்தான் நாற்பது. ஆனால் போக வேண்டிய காரணம் தூண்களல்ல, உள்மண்டபத்துச் சுவரோவியங்கள். ஷேர் ஷாவிடம் தோற்று அடைக்கலம் தேடிவந்த ஹுமாயூனை ஷா தஹ்மாஸ்ப் விருந்து வைத்து வரவேற்கும் காட்சி ஒன்று. 1739-இல் கர்னால் போரில் நாதிர் ஷா முகலாயரை வென்ற காட்சி இன்னொன்று. யானைகளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். இது பின்னாளில் சேர்த்தது. நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் அனுபவம் இது. ஒரு மணி நேரம் தாராளமாகத் தேவை.

சாப்பாட்டுக்கு வருவோம். பெர்யானி என்றதும் அரிசியைத் தேடாதீர்கள், ஒரு பருக்கைகூட இருக்காது. 'பெர்யான்' என்றால் வறுத்தது, வாட்டியது. நம் பிரியாணியின் பெயர் அங்கிருந்து வந்தது, பண்டம் வேறு. ஆட்டின் கழுத்து, தோள் கறியை வெங்காயத்தோடு மணிக்கணக்கில் வேகவைத்து, எலும்பு நீக்கி அரைப்பார்கள். உள்ளங்கை அகலத்தில் நீண்ட கைப்பிடி உள்ள சிறு கரண்டிச் சட்டியில் கொழுப்பும் இலவங்கப்பட்டைத் தூளும் இட்டு, அரைத்த கறியை அழுத்தி, தீயில் ஒரு பக்கம் மட்டும் முறுகவிடுவார்கள். பிறகு கறிச்சாறு தொட்ட ரொட்டியின் மேல் அப்படியே கவிழ்ப்பார்கள். முறுகிய பக்கம் மேலே வரும். அதன் மேல் சீவிய பாதாம், வால்நட்.

அடியில் சாம்பல் நிறத்தில் இன்னொரு படலம் இருக்கும். அது ஆட்டு நுரையீரல். வேகவைத்துப் பொடியாக நறுக்கிக் காய்ந்த புதினா சேர்த்தது. பாரசீகத்தில் 'ஜிகர் செஃபீத்', வெள்ளை ஈரல். வேண்டாம் என்றால் தட்டு வருவதற்கு முன்பே 'பெதூனெ ஜிகர் செஃபீத்' என்று சொல்லிவிட வேண்டும். முதல் தடவை அதோடு சாப்பிட்டுப் பாருங்கள் என்பதே எங்கள் பரிந்துரை. அது இல்லாவிட்டால் கறியின் கொழுப்பு திகட்டிவிடும்.

பெர்யானியைச் சூட்டோடு சாப்பிட வேண்டும். படம் எடுத்து முடிப்பதற்குள் கொழுப்பு உறைந்து மேலண்ணத்தில் ஒட்டத் தொடங்கும். ரொட்டியைக் கிழித்து, கறி, பச்சை வெங்காயத் துண்டு, ரைஹான் இலை மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். ரைஹான் நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம், வாசனையிலேயே தெரிந்துவிடும். கூடவே கறி வெந்த சாறு ஒரு கிண்ணம், தூக் ஒரு குவளை. தூக் என்றால் புளித்த மோர், உப்பும் புதினாவும் சேர்த்தது. நம்மைப் போலவே அவர்களும் உணவைச் சூடு, குளிர்ச்சி என்று பிரிப்பவர்கள். பெர்யானி சூடு, தூக் குளிர்ச்சி. 'மோர் வேண்டாம், கோலா கொடுங்கள்' என்று மாற்றிக்கொண்டால் அன்று பிற்பகல் முழுவதும் நெஞ்சைக் கரிக்கும். பலகாலமாக அறியப்பட்ட அஅஸம் பெர்யானி போன்ற கடைகளில் வேறு உணவு அநேகமாக இருக்காது. நல்ல அடையாளம் அதுதான்: பெர்யானி மட்டும் விற்கும் கடை, உள்ளூர் ஆட்கள் பொட்டலம் கட்டிக்கொள்ளும் வரிசை. இருபது வகை கபாபோடு படப்பட்டியல் வைத்திருக்கும் இடத்தில் முன்பே வாட்டி வைத்ததைத்தான் சூடாக்கித் தருவார்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டரைக்குள் போங்கள்.

கோரெஷ்த்-எ மாஸ்த் பற்றி எச்சரிக்க வேண்டும். குங்குமப்பூ மஞ்சளில், கஸ்டர்டு போல, மேலே ஸெரெஷ்க் என்ற சிறு புளிப்புப் பழம் தூவி, குளிர்ந்து வரும். இனிப்பு என்று எடுத்துச் சாப்பிடுவார்கள். இனிப்புதான், ஆனால் உள்ளே ஆட்டுக்கழுத்துக் கறி இருக்கிறது. நூல் நூலாகும்வரை கடைந்து, தயிர், சர்க்கரை, முட்டை மஞ்சள் கருவோடு கிளறுவது. சைவர்கள் தொடவே கூடாது. மற்றவர்கள் நால்வருக்கு ஒரு கிண்ணம் வாங்கினால் போதும்.

சைவர்களுக்கு வழியே இல்லையா என்றால், உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். காலையில் அதஸி, அதாவது மைசூர்ப் பருப்புக்கு அண்ணன் போன்ற முழுப் பயறுக் குழம்பு. சங்கக் ரொட்டி, பன்னீர், வால்நட், பச்சிலைகள். மதியம் கத்தரிக்காயில் கஷ்க்-எ பாதெம்ஜான். முட்டை சாப்பிடுபவர்களுக்கு மிர்ஸா காசெமி, குக்கூ சப்ஸி. ஆஷ் சூப்பில் எலும்புச்சாறு சேர்ப்பது உண்டு, ஹலீம் பாதெம்ஜானில் கறி உறுதியாக உண்டு. 'சைவம்' என்ற சொல்லை மொழிபெயர்த்துக் காட்டினால் கறித்துண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள். 'கூஷ்த் நதாரெ, ஆப்-எ கூஷ்த் ஹம் நதாரெ?' என்று கேளுங்கள்: கறி இல்லையே, கறிச்சாறும் இல்லையே? மற்றபடி நான், பன்னீர், பாதாம், பிஸ்தா, கிஷ்மிஷ், பஜார், சாய் என்று நமக்குத் தெரிந்த சொற்களை வைத்தே பாதிக் கடையை ஓட்டிவிடலாம்.

பால் கலந்த டீ கிடைக்காது. கட்டன் சாய்தான், சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையில் கடித்துக்கொண்டு உறிஞ்சுவது வழக்கம். இஸ்ஃபஹானில் அதற்குப் பதில் பூலகி தருவார்கள், காசளவில் மெல்லிய மிட்டாய்த் தகடு. மைதானத்தின் வடகிழக்கு மூலைச் சந்துக்குள் இருக்கும் ஆஸாதேகான் தேநீர்க்கடையில் கூரை முழுக்கப் பழைய விளக்குகளும் பாத்திரங்களும் தொங்கும். பார்க்க வேண்டிய இடம், ஆனால் மாலையில் நெரிசல். காலை பத்து மணிக்குப் போனால் பெஞ்சு கிடைக்கும். பஜாரில் கூஷ்ஃபீலும் தூக்கும் சேர்த்து வாங்கிப் பாருங்கள். காதுமடல் போல மடித்துப் பொரித்துப் பாகில் போட்ட பண்டம், ஒரு கடி. உப்பு மோர், ஒரு மடக்கு. ஒத்துவராது என்று தோன்றும், மூன்றாவது கடியில் பிடித்துப்போகும்.

ஊருக்கு வாங்கிவர கஸ். முட்டை வெள்ளைக்கருவும் பாகும் சேர்த்துக் கிண்டி, பிஸ்தா அல்லது பாதாம் போட்ட வெள்ளை மிட்டாய். பெட்டியில் 18, 28, 40 என்று ஒரு சதவீதம் அச்சிட்டிருக்கும். அது பருப்பின் அளவு. 28-க்குக் கீழே வாங்கினால் வெறும் சர்க்கரைப் பிசின். அடுத்து, கஸ்-அங்கபீன் இருக்கிறதா என்று கேளுங்கள். கான்சார் பக்கத்து மலைச்செடிகளில் சிறு பூச்சிகளால் சுரந்து உறையும் இனிப்பு அது, மிட்டாய்க்குப் பெயர் வந்ததே அதிலிருந்து. விலை ஏறும், சுவை வேறு. ஒரு துண்டு கேட்டு மெல்லுங்கள்: நல்லது பல்லில் ஒட்டி உடனே கரையும், குளுக்கோஸ் பாகு மிகுந்தது ஒட்டியபடியே இழுக்கும். தாளில் சுற்றிய வில்லைகளைவிட, மரப்பெட்டியில் மாவுக்குள் புதைத்து வைக்கும் 'கஸ்-எ ஆர்தி' நம் ஊர் வெக்கையை நன்றாகத் தாங்கும். கட்டியாகிவிட்டால் சுத்தியால் தட்டி உடைத்துச் சாப்பிடுவதே முறை.

கைவினையில் கலம்காரை முதலில் வைக்கலாம். நம் கலம்காரிக்குப் பெயர் கொடுத்த அதே பாரசீகச் சொல். கோரமண்டல் கரைத் துணி ஒரு காலத்தில் கப்பலேறிப் பாரசீகம் போனது. இஸ்ஃபஹானில் எழுதுகோலால் தீட்டுவதில்லை, பேரிமர அச்சால் பதிக்கிறார்கள். கறுப்பு, சிவப்பு, நீலம், மஞ்சள் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு. உண்மையானதா என்று பார்க்க, ஓரத்துக் கரையில் ஓர் அச்சு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். கோடு நூலிழை பிசகியிருந்தால், நிறம் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் மங்கியும் இருந்தால் கையால் அடித்தது. எல்லாம் சீராக, பின்புறம் வெள்ளை வெளேரென்று இருந்தால் இயந்திர அச்சு. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துச் சிவப்பின் மேல் அழுத்தித் தேயுங்கள். சாயம் இறங்கினால் விட்டுவிடுங்கள். காதம் பெட்டியில் மரம், எலும்பு, பித்தளைத் துணுக்குகள் முக்கோணமாகச் சேர்ந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்தால் பித்தளை மின்ன வேண்டும். மின்னாமல் வழவழவென்று இருந்தால் அச்சிட்ட தாளின் மேல் வார்னிஷ்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் பஜாருக்கு அனுப்ப முடியாது. விசா, மாஸ்டர் அட்டை எதுவும் வேலை செய்யாது. மொத்தச் செலவுக்கும் யூரோ அல்லது டாலர் ரொக்கமாகக் கொண்டுபோய், 'சர்ராஃபி' எனப்படும் நாணயமாற்றுக் கடையில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். நோட்டில் ரியால் என்றிருக்கும், வாயால் சொல்வது தோமான். ஒரு தோமான் பத்து ரியால். அதிலும் 'ஆயிரம்' என்பதை விழுங்கிவிடுவார்கள். 'ஐந்நூறு' என்றால் ஐந்நூறாயிரம் தோமான், அதாவது ஐம்பது லட்சம் ரியால். கால்குலேட்டரில் தட்டிக் காட்டச் சொல்லி, 'தோமானா ரியாலா' என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். டாக்சிக்காரர் 'காபெல் நதாரெ' என்று சொல்லிப் பணம் வாங்க மறுப்பார். அது உபசார வார்த்தை, இனாம் அல்ல. இரண்டு மூன்று முறை வற்புறுத்திக் கொடுத்துவிட வேண்டும். நன்றி சொல்லி இறங்கிவிட்டால் அவர் மனம் நோகும்.

பெண்களுக்குத் தலைமுக்காடும் இடுப்புக்குக் கீழே வரும் தளர்வான மேலாடையும் சட்டப்படி கட்டாயம். நம் சுடிதார் துப்பட்டாவே சரியாகிவிடும்.

பஜாரின் உள்ளே வடக்கே போய் முடியும் ஜும்மா மசூதியை நேரமில்லை என்று விடுபவர்கள் அதிகம். விடாதீர்கள். நீல ஓட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெறும் செங்கல் முதலில் ஒன்றுமில்லாததாகத் தோன்றும். தெற்குக் குவிமாடம் 1086-ஐ ஒட்டி செல்ஜுக் அமைச்சர் நிஸாமுல் முல்க் கட்டுவித்தது. அவருக்குப் போட்டியாகத் தாஜுல் முல்க் 1088-இல் எழுப்பியது வடக்குக் குவிமாடம். வடக்குக் குவிமாடம் சிறியது, ஆனாலும் வென்றது அதுதான். சதுர அறை எப்படி எண்கோணமாகி, பதினாறு கோணமாகி, வட்டமாகிறது என்பதைச் செங்கல் அடுக்கிலேயே படிக்கலாம். அந்த அறையும், 1310-ஆம் ஆண்டுச் சாந்துச் சிற்ப மிஹ்ராப் (தொழுகைத் திசை காட்டும் மாடம்) உள்ள அறையும் சில நேரம் பூட்டியிருக்கும். வாசற்காவலரிடம் கேட்டால் திறந்துவிடுவார்.

பஜார் மூடும் வெள்ளிக்கிழமையைப் பாலங்களுக்கும் ஜோல்ஃபாவுக்கும் ஒதுக்குங்கள். ஜாயந்தே ரூத் ஆற்றில் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீர் இல்லை. மேலே அணையைத் திறக்கும் வாரங்களில் மட்டும் ஓடும். அந்த வாரம் அமைந்தால் காஜு பாலத்தில் மாலை ஐந்து மணிக்கே இடம் பிடியுங்கள். 1650 வாக்கில் கட்டிய அது பாலமாகவும் மடைகள் கொண்ட அணையாகவும் வேலை செய்வதைப் பார்க்கலாம். வறண்டிருந்தாலும் போகலாம். கீழ் வளைவுகளில் இருட்டியதும் ஆண்கள் கூடிப் பழைய பாடல்கள் பாடுவார்கள், கல் கூரை குரலைத் தாங்கிப் பிடிக்கும். சுமார் 300 மீட்டர் நீளமுள்ள முப்பத்து மூன்று வளைவுப் பாலம் விளக்கேற்றிய பிறகு அழகு. ஒன்றை ஆட்டினால் மற்றதும் ஆடும் 'அசையும் மினார்'களுக்கு மட்டும் தனியாக டாக்சி பிடித்துப் போக வேண்டாம்.

ஜோல்ஃபாவின் வாங்க் தேவாலயம் வெளியே மசூதி போன்ற எளிய செங்கல் குவிமாடம். உள்ளே சுவரின் கீழ்ப்பகுதி பாரசீகப் பூ ஓடு, மேலே தங்கம் தீட்டிய விவிலியக் காட்சிகள். இப்போதுள்ள கட்டடம் 1664-இல் முடிந்தது. 1600-களின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் ஆர்மீனியர்களைக் கூட்டமாகப் பெயர்த்துவந்து குடியேற்றிய பேட்டை இது; 1638-இலேயே இங்கே புத்தகம் அச்சடித்தார்கள். இவர்களின் வணிகக் குடும்பங்கள்தான் கடல் கடந்து மதராஸ் வந்து சேர்ந்தன. சென்னை ஆர்மீனியன் தெருவும், சைதாப்பேட்டையில் 1726-இல் அடையாற்றின் மேல் பாலமும் பரங்கிமலைக்குப் படிகளும் கட்டுவித்த கோஜா பெத்ருஸ் உஸ்கானும் இந்த மரபின் தொடர்ச்சி. உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-இல் அச்சானது மதராஸில்தான். இதைத் தெரிந்துகொண்டு பக்கத்து அருங்காட்சியகத்துக்குள் போனால் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்பும் கால் நிற்கும். தலைமுடி ஒன்றின் மேல் எழுதிய வாசகத்தை அங்கே நுண்ணோக்கி வழியே காட்டுகிறார்கள்.

திரும்பும்போது தெஹ்ரானுக்குள் போகாதீர்கள். சர்வதேச விமான நிலையம் தலைநகருக்குத் தெற்கே, கோம் நெடுஞ்சாலைப் பக்கம் இருக்கிறது. இஸ்ஃபஹானிலிருந்து வரும் சாலை நகருக்கு முன்பே அங்கே சேர்ந்துவிடும். கடைசி நாள் காலை காவே பேருந்து நிலையத்தில் காஷான் போகும் வண்டி ஏறுங்கள். வரிசைக்கு மூன்று இருக்கை உள்ள விஐபி பேருந்து என்றால் காலை நீட்டித் தூங்கலாம். காஷானில் ஃபின் தோட்டத்துக்கு இரண்டு மணி நேரம். பதவி பறிக்கப்பட்ட பிரதமர் அமீர் கபீர் 1852-இல் கொல்லப்பட்ட குளியல் மண்டபம் அதற்குள்தான். அங்கிருந்து விமான நிலையத்துக்கு டாக்சி பேசும்போதும் தோமானா ரியாலா என்று கேட்டுவிட்டுப் பெட்டியை ஏற்றுங்கள்.